சிறு தமிழ் நூலகத்தை இணையத்தில் ஏற்றுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர், பினாங்கு வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி நூல்நிலையம், கோயில் நூலகம், சங்க நூலகம் என்று ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இந்தப் பக்கம். உங்களிடம் ஆயிரம் முதல் பத்தாயிரம் நூல்கள் வரை இருக்கலாம். பேரேடும் அட்டையும் கைவந்த கலை. கணினியில் மின்னஞ்சல் அனுப்பவும் எக்செல் திறக்கவும் தெரியும். "இனி எல்லாம் ஆன்லைன்" என்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவாகி, வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அந்த இடத்திலிருந்து தொடங்குகிறோம்.

எதை முதலில் செய்வது? வலைத்தளமா, மென்பொருளா?

இரண்டும் இல்லை. முதலில் ஒரு கூகுள் ஷீட்டைத் திறந்து நூற்பட்டியலை ஏற்றுங்கள். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒழுங்காக ஏற்றிய பட்டியல் எந்த மென்பொருளுக்குள்ளும் போகும், ஒழுங்கில்லாதது எதற்குள்ளும் போகாது. அழகான முகப்புப் பக்கம் செய்து, திறப்பு விழாவும் நடத்தி, உள்ளே தேடினால் எழுபது நூல் மட்டும் வருகிற தளங்கள் நிறையவே உண்டு.

நேரத்தைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். நூலைக் கையில் வைத்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்து ஏற்றினால் ஒருவர் மணிக்குப் பதினைந்து நூல் முடிப்பது நல்ல வேகம். 3,000 நூலுக்கு 200 மணி நேரம் ஆகும். இருவர் சனிக்கிழமைதோறும் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் 25 வாரம். பொங்கலுக்குத் தொடங்கி ஆகஸ்டில் முடிக்கலாம் என்று சொன்னால் நிர்வாகம் நம்பும். "ஒரு மாதத்தில்" என்று ஒப்புக்கொண்டால் பேரேட்டைப் பார்த்து நகலெடுக்கத்தான் நேரமிருக்கும், அதிலுள்ள பிழையெல்லாம் அப்படியே இணையத்துக்கு வந்துவிடும்.

எந்தெந்த விவரங்களை ஏற்றவேண்டும்?

ஒரு வரிசைக்கு ஒரு பிரதி, ஒரு கட்டத்துக்கு ஒரு விவரம். சேர்க்கை எண், தமிழில் தலைப்பு, ரோமன் எழுத்தில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு, பதிப்பு, பக்கம், ஐஎஸ்பிஎன், வகைப்பாட்டு எண், அலமாரி, குறிப்பு என்று பதின்மூன்று நெடுவரிசைகள் போதும். கட்டங்களை ஒன்றாக இணைப்பது, "மேற்படி" என்று எழுதுவது, தொலைந்த நூலைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டுவது ஆகிய மூன்றையும் தவிருங்கள். வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது நிறம் காணாமல் போகும், எழுத்து மட்டுமே கூட வரும். தொலைந்ததென்றால் குறிப்பில் "தொலைந்தது" என்றே எழுதுங்கள்.

ஆண்டில் ஒரு சிக்கல் உண்டு. சில நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் அச்சாகியிருக்கும். 2031 என்றிருந்தால் 31ஐக் கழித்து 2000 என ஆண்டுக் கட்டத்தில் இடுங்கள், அச்சில் உள்ளதைக் குறிப்பில் எழுதுங்கள். ஆண்டே இல்லாத நூலுக்கு முன்னுரையின் கீழே உள்ள தேதி உதவும். அதுவும் இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். "1968?" என்று கேள்விக்குறி போட்டால் அந்த நெடுவரிசையைக் கணினியால் எண்ணாக வரிசைப்படுத்த முடியாது.

ஐஎஸ்பிஎன் எண்ணை மட்டும் நம்பி நூலை அடையாளம் காணவேண்டாம். மலேசிய எண்கள் 978க்குப் பிறகு 967, 983 அல்லது 629 என்றும், இந்திய எண்கள் 81 அல்லது 93 என்றும் தொடங்கும். பழைய மலேசியத் தமிழ் நூல்களில் எண்ணே இருக்காது. ஒரே எண்ணை இரண்டு நூலுக்குப் போட்ட பதிப்பாளர்களும் உண்டு. உங்கள் சேர்க்கை எண்தான் அசைக்கமுடியாத அடையாளம்.

ரோமன் எழுத்தில் தலைப்பு எதற்கு? நம்முடையது தமிழ் நூலகம்தானே?

தேடுகிறவர் கைப்பேசியில் ரோமனில்தான் தட்டுவார். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளிக்குப் போய், தமிழை வாசிக்கத் தெரிந்தும் தட்டத் தெரியாத தலைமுறை இங்கே பெரிது. உலக நூலகங்கள் பயன்படுத்தும் அமெரிக்க நூலகச் சங்க ஒலிபெயர்ப்பு முறையில் ழ, ற, ன ஆகியவற்றுக்கு எழுத்தின் அடியில் கோடும், ள, ணவுக்கு அடியில் புள்ளியும் வரும். ஆராய்ச்சியாளருக்கு அது வசதிதான். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் ஏறியபடி நூல் தேடுகிற பெண் அந்தக் கோட்டைத் தட்டப் போவதில்லை.

ஆகவே புழக்கத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே ஏற்றுங்கள். இரண்டு விதமாக எழுதக்கூடிய சொல்லுக்கு இரண்டையும் அரைப்புள்ளியால் பிரித்து ஒரே கட்டத்தில் இடலாம். "வாழ்க்கை"யில் வரும் ழகரத்தைச் சிலர் இசட்-எச் என்றும் சிலர் எல் என்றும் எழுதுவார்கள், இரண்டும் இருக்கட்டும். பின்னாளில் நூலக மென்பொருள்கள் பதிவுகளைப் பரிமாறும் மார்க் 21 வடிவத்துக்கு மாறும்போது இந்த நெடுவரிசை 246ஆம் புலத்துக்குப் போகும், மாற்றுத் தலைப்புக்கு உரிய இடம் அதுதான்.

தமிழில் தட்டச்சு செய்ய எந்த விசைப்பலகை நல்லது?

உங்களுக்குப் பழகியது எதுவோ அது. தமிழ் 99 கற்றுக்கொண்டால் வேகம் கூடும். ரோமன் ஒலிப்படி தட்டிப் பழகியவருக்கு அஞ்சல் எளிது, நம் மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழியாகப் பரவிய முறை அது. ஆப்பிள் கருவிகளில் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, விண்டோஸ் 11இல் மொழி அமைப்பில் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் தட்டினாலும் விளைவது ஒரே யூனிகோடு என்பதால் சண்டைக்கு இடமில்லை.

நூல் பட்டியலில் இருக்கிறது, தேடினால் மட்டும் வரவில்லை. ஏன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பதிலும் கொஞ்சம் நீளம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம்.

"கொடி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் இடலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. ஷீட்டில் குறியீடுகளை எண்ணும் லென் என்ற சார்பைப் போட்டுப் பாருங்கள்: முதல் வகைக்கு 4, இரண்டாவதற்கு 5 என்று வரும். இந்த வேறுபாட்டை யூனிகோடே சமம் என்று ஏற்றுக்கொள்வதால் நல்ல மென்பொருள் தானாகச் சரிசெய்துவிடும். சாதாரணத் தேடலில் தவறிப்போக வாய்ப்புண்டு.

அடுத்தது இதைவிடப் பொல்லாதது. "மௌனம்" என்பதில் வருவது ஔகாரக் குறி. அதற்குப் பதில் கொம்பும் ளகர எழுத்தும் போட்டு "மெளனம்" என்று தட்டியிருப்பார்கள். முன்னதற்கு லென் 5, பின்னதற்கு 6. இதை எந்த மென்பொருளும் சமமாகக் கொள்ளாது, ஏனென்றால் எழுத்துப்படி அது வேறொரு சொல். கௌரி, சௌந்தரம், பௌர்ணமி, ஔவையார் என்று இந்த வரிசை நீளும்.

உடனே "கண்டுபிடி, மாற்று" கருவியைத் திறந்து, கொம்பும் ளவும் சேர்ந்த இடத்தையெல்லாம் ஔகாரமாக்கிவிடாதீர்கள். "வெள்ளி", "தெளிவு" எல்லாம் சிதைந்துவிடும். "ஒள" என்பதை "ஔ" ஆக்கினால் "ஒளி" போச்சு. சொல் சொல்லாகத்தான் மாற்றவேண்டும்: முதலில் வடிகட்டி அந்தச் சேர்க்கை உள்ள வரிசைகளை மட்டும் பாருங்கள், பிறகு "மெளன" என்பதை "மௌன", "கெளரி" என்பதை "கௌரி" என்று தனித்தனியே மாற்றுங்கள். மூவாயிரம் நூலுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

வேறு மூன்று ஒளிந்த பிழைகள்: காலுக்குப் பதில் ரகரம் தட்டியது, "ஸ்ரீ" எழுத்தை ஓரிடத்தில் ஸகரத்திலும் வேறிடத்தில் ஶகரத்திலும் தொடங்கியது, இணையத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வந்த கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி. தலைப்புக்கு முன்னும் பின்னும் தங்கிவிடும் வெற்றிடத்தை டிரிம் சார்பு நீக்கும். இணைப்புக்குறியை அது தொடாது, அதற்குத் தலைப்பைக் கையால் மறுபடி தட்டுவதே விரைவு.

இருபது வருடத்துக்கு முன் யாரோ தட்டிவைத்த பட்டியல் இருக்கிறது. திறந்தால் கிறுக்கல்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியது. எழுத்துருவின் பெயரைப் பார்த்தால் எந்தக் குறியீட்டு முறை என்று பெரும்பாலும் தெரியும்: டிஸ்கி, டாப், டாம், பாமினி அல்லது பழைய அஞ்சல் வகைகளில் ஒன்று. அதற்குரிய மாற்றி நிரல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். ஐம்பது வரியை மாற்றி, அச்சுப் பிரதியோடு ஒப்பிடுங்கள். அந்தப் பட்டியலில் ரோமன் எழுத்து, விலை, ஆண்டு எல்லாம் ஒரே கட்டத்தில் கலந்திருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பும். தமிழ் நெடுவரிசைகளை மட்டும் தனியே எடுத்து மாற்றி, பிறகு ஒட்டுங்கள். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

எக்செலில் திறந்தால் தமிழ் எல்லாம் அலங்கோலமாகத் தெரிகிறது. ஐஎஸ்பிஎன்னும் மாறிவிட்டது.

இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை) கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால், அது யூனிகோடு என்பதை எக்செல் பல சமயம் உணராது. முதலில் வெற்றுத் தாளைத் திறந்து, தரவு மெனுவில் உள்ள "உரைக் கோப்பிலிருந்து" வழியாக உள்ளே எடுங்கள். கோப்பின் மூலம் என்று கேட்கும் இடத்தில் 65001, அதாவது யுடிஎஃப்-8, தேர்ந்தெடுங்கள். சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி வேண்டாம், யுடிஎஃப்-8 என்று பெயரிலேயே உள்ள சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள்.

பதின்மூன்று இலக்க எண்ணை எக்செல் அறிவியல் குறியீடாகச் சுருக்கி 9.78967E+12 என்று காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போயே போய்விடும். 00412 போன்ற சேர்க்கை எண்ணின் முன்னுள்ள சுழியங்களும் அப்படித்தான். எண் ஏற்றுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளை உரை வடிவமாக மாற்றிவையுங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால் இழந்தது திரும்பாது.

ஆசிரியர் பெயரில் தலைப்பெழுத்தை எங்கே வைப்பது?

பெயரை நூலட்டையில் உள்ளபடியே எடுங்கள், தலைப்பெழுத்தின் இடம் மட்டும் மாறும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. மேலை நாட்டு மென்பொருள் கேட்கிறதே என்று தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டால், மகனின் நூலெல்லாம் அப்பா பெயரில் அடுக்கப்படும். பட்டியலில் "கார்த்திகேசு, ரெ." என்று இயற்பெயரை முதலிலும் தலைப்பெழுத்தைக் காற்புள்ளிக்குப் பின்னும் இடுவது வழக்கம்.

ஒரே ஆளை ஒரே விதமாக எழுதுவதுதான் முக்கியம். பினாங்கில் வாழ்ந்து எழுதிய ரெ. கார்த்திகேசுவின் பெயரைப் புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டு ஒரு முறை, விடாமல் ஒரு முறை, டாக்டர் பட்டத்தோடு ஒரு முறை என ஏற்றினால் கணினிக்கு அவர் மூன்று பேர். தனித் தாளில் ஆசிரியர் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்து, "தரவுச் சரிபார்ப்பு" வசதியால் அதிலிருந்தே தேர்ந்தெடுக்கும்படி அமையுங்கள். புனைபெயர் இருந்தால் அட்டையில் உள்ள பெயரே தலைமை, மற்றது குறிப்பில்.

டியூவி வகைப்பாட்டில் எல்லா நூலும் ஒரே எண்ணில் குவிகிறதே?

குவியத்தான் செய்யும். தமிழ் இலக்கியம் 894.811. அதில் கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113. தமிழ் நூலகத்தில் பாதி அலமாரி 894.8113 ஆகிவிடும். எண்ணுக்குப் பின் நாடு சுட்டும் ஓர் எழுத்து, அதற்குப் பின் ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்து என்று முதுகுச் சீட்டில் சேருங்கள்: மலேசியாவுக்கு ம, சிங்கப்பூருக்கு சி, இலங்கைக்கு இ, தமிழ்நாட்டுக்கு ஒன்றும் வேண்டாம். மலேசியத் தமிழ் நாவல் கேட்டு வரும் மாணவரை ஒரே அலமாரிக்கு அனுப்ப முடியும். உள்ளூர் விதி என்பதால் அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கோஹா நூலக மென்பொருளைப் போட்டுத்தான் ஆகவேண்டுமா?

ஆயிரத்துக்குக் குறைவான நூல், வாரம் ஒருநாள் திறப்பு என்றால் வேண்டாம். ஷீட்டைப் "பார்வைக்கு மட்டும்" என்று பகிர்ந்தாலே போதும். இரவல் கணக்கு, நினைவூட்டல் மின்னஞ்சல், வாசகர் தாமே தேடிப் பதிவு செய்யும் வசதி என்று தேவை வளர்ந்தால் கோஹா நல்ல தேர்வு. நியூசிலாந்தில் ஹோரோஹெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டு சனவரியில் ஓடத் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. மாவோரி மொழியில் "கோஹா" என்றால் அன்பளிப்பு. உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் லினக்ஸ் வழங்கி (சர்வர்), வாடகை, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் எல்லாம் வேண்டும். இலவசம் என்ற சொல்லைக் கேட்டு மயங்கும் நிர்வாகத்துக்கு இதை எழுத்தில் கொடுங்கள்.

நிறுவுகிறவரிடம் இரண்டு விஷயத்தை வற்புறுத்துங்கள். முதலாவது, ஸீப்ரா என்ற தேடுபொறி இயல்பாகப் பயன்படுத்தும் எழுத்து அட்டவணை லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்துச் செய்தது. பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றி, முழு அட்டவணையையும் மறுபடி கட்டச் சொல்லுங்கள். மாற்றிவிட்டு மறுபடி கட்டாமல் விட்டால் பழைய பதிவுகள் தேடலில் வராது, "கோஹாவுக்குத் தமிழ் தெரியாது" என்ற வதந்தி இப்படித்தான் பிறக்கிறது. இரண்டாவது, காப்பு (பேக்கப்). கோஹா நாள்தோறும் தானே காப்பெடுக்கும், ஆனால் அதே வழங்கியில், அதுவும் இயல்பமைப்பில் சில நாள் கோப்புகளை மட்டுமே வைத்திருக்கும். வழங்கி போனால் காப்பும் போகும். வாரம் ஒரு முறை வேறிடத்துக்கு நகலெடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைத் திறந்து மீட்டுப் பாருங்கள்.

பிற நூலகங்களின் பதிவுகளை இறக்கிக்கொள்ள முடியாதா?

முடியும். கோஹாவில் பிற நூலகப் பட்டியல்களில் தேடி இறக்கும் இசட் 39.50 தேடல் என்று ஒன்று உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் தமிழ் நூல் ஏராளம். தலைப்பு ஒலிபெயர்ப்பில் வரும், சிலவற்றில் மட்டும் 880ஆம் புலத்தில் தமிழ் எழுத்தும் இருக்கும். தமிழ்நாட்டில் வந்த நூலுக்குக் கை கொடுக்கும். மலேசிய வெளியீடுகளுக்கு அதிகம் எதிர்பார்க்காதீர்கள். செந்தூலில் யாரோ சொந்தக் காசில் அச்சிட்ட 200 பிரதிக் கவிதைத் தொகுப்பை நீங்கள்தான் பதிவு செய்யப்போகிறீர்கள், அது உலகத்திலேயே முதல் பதிவாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட நூலுக்கு இன்னும் பத்து நிமிடம் செலவழியுங்கள்.

பட்டைக்குறி (பார்கோடு) வருடி எண்ணுக்குப் பதில் தமிழ் எழுத்தைக் கொட்டுகிறது!

வருடி பழுதில்லை. கணினியைப் பொறுத்தவரை அது ஒரு விசைப்பலகை. அஞ்சல் இயங்கிக்கொண்டிருக்கும்போது எழுத்துள்ள பட்டைக்குறியை வருடினால் அந்த எழுத்து தமிழாகத்தான் விழும். பட்டைக்குறியில் எண்களை மட்டும் பயன்படுத்துங்கள், பாதித் தொல்லை தீரும். வருடி ஒவ்வொரு முறையும் கடைசியில் எண்டர் அழுத்தும். ஷீட்டில் அது வசதி, சில படிவங்களில் நிரப்பி முடிக்குமுன் அனுப்பிவிடும். கையேட்டில் உள்ள அமைப்புக் குறியை வருடி அதை டேப் ஆக மாற்றலாம்.

சீட்டைப் பின்னட்டையின் வெளிப்பக்கம் ஒட்டாமல் உள்பக்கம் ஒட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளிச்சீட்டு ஓர் ஆண்டில் ஓரம் சுருளும்.

கியூஆர் குறி அச்சடித்து ஒட்டினோம். இரண்டு மாதத்தில் வேலை செய்யவில்லை.

"மாறும்" வகைக் குறியை உருவாக்கியிருப்பீர்கள். அந்த வகை உங்கள் முகவரிக்கு நேரே போகாது. உருவாக்கிக் கொடுத்த தளத்தின் குறுமுகவரி வழியாகப் போகும். இலவசக் காலம் முடிந்ததும் அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். "நிலையான" வகையைத் தேர்ந்தெடுங்கள், முகவரியே குறிக்குள் இருக்கும், காலாவதி இல்லை. சோதிப்பது சுலபம்: கைப்பேசியில் வருடும்போது திரையில் தோன்றும் முகவரி உங்களுடையதா என்று பாருங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு: எவ்வளவு தூரத்திலிருந்து வருடுவார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு. அலமாரிக்கு 3 சென்டிமீட்டர், சுவரொட்டிக்கு 15. நான்கு பக்கமும் நான்கு கட்ட அகலம் வெள்ளை விடுங்கள். குறி நடுவில் சங்கச் சின்னம் வைத்தே தீரவேண்டும் என்றால் பிழைதிருத்த அளவை எச் ஆக்குங்கள், 30 விழுக்காடு வரை சேதம் தாங்கும். பளபளப்பு லேமினேட் விளக்கைப் பிரதிபலித்து வருடவிடாது, மங்கல் வகை வாங்குங்கள்.

வாசகர்களுக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழு தொடங்கலாமா?

குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உங்கள் புதுநூல் அறிவிப்பு மூழ்கிப்போகும். புலனத்தின் சேனல் வசதி இதற்குப் பொருத்தம்: நீங்கள் மட்டும் எழுதலாம், பின்தொடர்பவர் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. வாரம் ஒரு முறை மூன்று அட்டைப் படம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, அலமாரி எண். அவ்வளவு போதும். நூல் கோரிக்கைக்குக் கூகுள் படிவம் வையுங்கள்.

உறுப்பினர் எண்ணாக மைகார்டு எண்ணையே வைத்துக்கொள்ளலாமா? எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கிறதே.

வேண்டாம். அந்த 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். இரவல் ஷீட்டைத் தவறுதலாகப் "பொதுவில் பகிர்" என்று ஒரு சொடுக்குப் போட்டால் அத்தனையும் வெளியே. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளைக் குறிவைத்தது, அரசாங்கத்துக்குப் பொருந்தாது என்று சிலர் வாதாடுவார்கள். சட்டம் உங்களைத் தொடுகிறதோ இல்லையோ, பிள்ளைகளின் அடையாள எண் நூலகத்துக்குத் தேவையில்லை. பெயர், ஒரு தொடர்பு எண், நீங்கள் கொடுத்த உறுப்பினர் எண் போதும். நூற்பட்டியலையும் உறுப்பினர் பட்டியலையும் ஒரே கோப்பின் இரண்டு தாளாக வைக்காதீர்கள். பகிர்வது கோப்பை, தாளை அல்ல. மறைத்த தாளும் கூடவே போகும்.

பழைய நூல்களை ஸ்கேன் செய்து தளத்தில் போடலாமா?

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டு வரை உரிமை உண்டு, அந்த ஆண்டின் கடைசி நாள் வரை கணக்கு. 1970இல் மறைந்தவர் எழுத்து 2020 முடிவில் பொதுவுடைமை ஆனது. 1980இல் மறைந்தவருடையது 2030 வரை காத்திருக்கவேண்டும், இல்லையேல் வாரிசிடம் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். தீபாவளி மலர், ஆண்டு மலர் போன்றவற்றில் ஒவ்வொரு படைப்புக்கும் ஒவ்வொரு கணக்கு. நூல் "கிடைக்கவில்லை" என்பது அனுமதி ஆகாது.

ஸ்கேன் 300 டிபிஐ, சிறு எழுத்தென்றால் 400. மூலத்தை டிஃப் வடிவில் வைத்து, வாசகருக்குப் பிடிஎஃப் கொடுங்கள். படத்தை உரையாக்கும் எழுத்துணரிகளில் டெஸராக்ட் தமிழைப் படிக்கும். கூகுள் டிரைவில் படத்தை வலச்சொடுக்கி "டாக்ஸில் திற" என்றாலும் படிக்கும், கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும். புது அச்சில் நன்றாக வரும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில், லை, னை, ணை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கைபோல் வளைந்த குறியும், ணா, றா, னாவுக்குச் சுழித்த தனி வடிவமும் வருவதால் எழுத்துணரி தடுமாறும். அத்தகைய நூலில் முழு உரையையும் திருத்த உட்காராமல் பொருளடக்கத்தை மட்டும் கையால் தட்டி ஏற்றுங்கள். தேடுகிறவருக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

உடன் வேலை செய்யும் மூத்தவர்கள் கணினி என்றாலே ஒதுங்குகிறார்கள்.

அரைநாள் பயிலரங்கு பயன் தராது, திங்கட்கிழமை மறந்துவிடும். 2006இல் அமெரிக்காவின் சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தில் ஹெலீன் பிளோவர்ஸ் "23 விஷயங்கள்" என்ற பயிற்சியை வகுத்தார். புது இணைய வசதிகளை இருபத்து மூன்று சிறு வேலைகளாகப் பிரித்து, ஊழியர்கள் ஒன்பது வாரத்தில் தாமே செய்து பார்க்கவேண்டும். முடித்தவர்களுக்கு எம்பி3 கருவி பரிசு. பல நாட்டு நூலகங்கள் அதைத் தழுவிக்கொண்டன. அந்தப் பட்டியல் இன்று பழசு, முறை பழசாகவில்லை.

நம் நூலகத்துக்கு ஆறு வேலை போதும்: ஷீட்டில் பத்து நூல் ஏற்றுவது, "மெளனம்" போன்ற ஔகாரப் பிழை ஒன்றைக் கண்டுபிடிப்பது, நிலையான கியூஆர் ஒன்று செய்வது, படிவம் ஒன்று அமைப்பது, காப்பெடுத்துத் திறந்து பார்ப்பது, ஸ்கேன் செய்த ஒரு பக்கத்தை உரையாக்குவது. வாரத்துக்கு ஒன்று. அவர்கள் கையில்தான் சுட்டி இருக்கவேண்டும், நீங்கள் வாங்கிச் செய்துகாட்டினால் கற்றுக்கொண்டது நீங்கள்தான்.

பொறுப்பாளர் மாற்றலாகிப் போகும்போது என்னென்ன வாங்கிவைக்கவேண்டும்?

கடவுச்சொல்லை மட்டும் வாங்கினால் போதாது. இரட்டைச் சரிபார்ப்பு அவருடைய கைப்பேசிக்குப் போகும். கூகுள் கணக்கில் பத்து காப்புக் குறியீடுகள் எடுத்து அச்சிட்டு, உறையில் போட்டு, அலுவலக இரும்பலமாரியில் வையுங்கள். நூலகத்தின் பெயரில் தனிக் கணக்கு இருக்கவேண்டும், இரண்டு ஆண்டு யாருமே நுழையாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பள்ளி ஆசிரியர்கள் கல்வி அமைச்சு தரும் டெலிமா கணக்கில் பட்டியலைத் தொடங்கியிருந்தால், அந்தக் கோப்பின் உரிமையை வெளிக் கணக்குக்கு மாற்ற முடியாது. நகலெடுத்துத்தான் கொண்டுபோகவேண்டும், அதையும் அவர் இருக்கும்போதே செய்யவேண்டும்.

தள முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் புதுப்பிக்கவேண்டும், நினைவூட்டல் எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது என்ற மூன்றையும் பேரேட்டின் முதல் பக்கத்தில் மையால் எழுதிவையுங்கள்.